விசாரிக்க வந்தவள்

நான் பி.ஏ. சமூகவியல் படித்தவள். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு தயக்கம் வரும். பாராட்டுவதா, ஆறுதல் சொல்வதா என்று அவருக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். "சோஷியாலஜின்னா இந்த சோஷியல் சர்வீஸாம்மா?" என்பார் ஒரு மாமா. இல்லை என்று விளக்க ஆரம்பித்தால் சாம்பார் வந்துவிடும். ஆறு மாதத்தில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். "யூ.பி.எஸ்.சி.க்குப் பிரிப்பேர் பண்றேன் மாமா" என்றால் போதும், எல்லோரும் திருப்தியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் அந்தப் பரீட்சையின் விண்ணப்பத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அப்பா இன்னும் சுலபமாக முடித்துக்கொண்டார். பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டில் யார் கேட்டாலும், "பொண்ணு தாம்பரத்துல காலேஜ் போறா" என்பார். என்ன காலேஜ், என்ன படிப்பு என்று அடுத்த கேள்வி வருவதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்.

அம்மாதான் என்னோடு நேராக மோதியவர். முதல் வருடம் வகுப்பில் கேட்டதையெல்லாம் வீட்டில் கொட்டுவது என் வழக்கம். ஒருநாள் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் செய்வது ஊதியமில்லாத உழைப்பு என்றும், குடும்பம் என்ற அமைப்பு அதை அன்பு என்று பெயர் மாற்றி வாங்கிக்கொள்கிறது என்றும் எடுத்துச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். மிச்சப் பாத்திரத்தை நான் தேய்த்தேன். அதற்குப் பிறகு கொள்கைகளை வகுப்பிலேயே விட்டுவிட்டு வரப் பழகினேன்.

இரண்டாம் வருடம் களப்பணி வந்தது. ஆளுக்கு ஒரு தெரு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, அந்தத் தெருவில் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, கல்யாணங்கள் எப்படி நடக்கின்றன, அக்கம்பக்கம் எப்படிப் பழகுகிறது என்று ஒரு அறிக்கை எழுத வேண்டும். எனக்கு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெரு கிடைத்தது. பழைய தனிவீடுகளும் புதிதாக முளைத்த மூன்று மாடிக் கட்டடங்களும் கலந்த தெரு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்பதற்கு அடையாளமாக எல்லா வீட்டுச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது.

கேள்விகளை நானே தயாரித்தேன். வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, யார் யார் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் சொந்தத்திலா வெளியிலா, காதல் கல்யாணம் உண்டா, அக்கம்பக்கத்தில் யாரோடாவது மனஸ்தாபம் உண்டா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் துப்பட்டாவை ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டு போய் முதல் வீட்டு மணியை அடித்தேன்.

"வணக்கம்மா. காலேஜ்லேர்ந்து வர்றேன். ஒரு சின்ன சர்வே."

கதவைத் திறந்த அம்மாள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு முகம் மலர, "வாம்மா, வா, உள்ள வா" என்றார். மின்விசிறியைப் போட்டார். ரோஸ்மில்க் வந்தது. எங்கள் வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் நாய் துரத்தியது, கதவு சாத்தப்பட்டது, தண்ணீர் ஃபில்டர் விற்க வந்ததாக நினைத்து விரட்டினார்கள். எனக்கு ரோஸ்மில்க். எனக்கு முகராசி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் கேசரி. அதற்கடுத்த வீட்டில் சுண்டல், போகும்போது குங்குமம். எல்லோரும் அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னார்கள். அதோடு நிற்காமல் நான் கேட்காத ஒன்றையும் சொன்னார்கள். தெருவின் நடுவில் பச்சை கேட் போட்ட வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் தாங்களாகவே பேசினார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது, வேலை உண்டு வீடு உண்டு என்று இருக்கும், நிமிர்ந்து பார்க்காது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அக்கா மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்: "அந்தப் பொண்ணு வூட்ல கீறாளா இல்லியான்னே தெரியாதும்மா. அவ்ளோ அமைதி. நானு இத்தினி வருஷமா துணி தேய்ச்சிக்கினு கீறேன், ஒரு சத்தம் கேட்டதில்ல."

மனஸ்தாபம்? யாருக்கும் யாரோடும் இல்லை. தண்ணீர்ச் சண்டை? சேச்சே. காதல் கல்யாணம்? இந்தத் தெருவிலா?

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நகரத்தில் அக்கம்பக்க உறவு அறுந்துவிட்டது என்றுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இதோ ஒரு தெரு முழுக்க ஒரே குரலில் பேசுகிறது. சமூக ஒருமைப்பாடு என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, பெரிய அறிக்கையாக எழுதிக்கொண்டு போனேன்.

எங்கள் பேராசிரியை கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் ரொம்ப மரியாதையாகப் பேசுவார், அது இன்னும் மோசம்.

"தண்ணிச் சண்டையே இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேம்."

"நான் செலையூர்ல இருக்கேன். தண்ணிச் சண்டை இல்லாத தெரு தாம்பரத்துல இருந்தா அட்ரஸ் கொடுங்க மேடம், நாளைக்கே வீடு மாத்திக்கறேன்." வகுப்பே சிரித்தது. நான் திருதிருவென்று விழித்தேன். "எல்லாரும் ஒரே பதில் சொன்னா அது தகவல் இல்லம்மா. யாரோ சொல்லி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஏன்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

அந்த வாரமே மறுபடி போனேன். போன தடவை பூட்டியிருந்த பச்சை கேட் வீட்டில் அன்று ஆள் இருந்தது. ஒரு அக்கா, என்னைவிட ஒன்பது பத்து வயது பெரியவளாக இருப்பாள், வாசலில் நின்றபடி ஃபோனில் யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். "வெறும் வயித்துல வாங்கன்னு சொன்னேனா இல்லியா சார்? ரெண்டே ரெண்டு இட்லிதான்னா? இட்லி சாப்பாட்டுல சேராதா?" தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பெண் இவள்தான் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது.

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீதான் போன வாரம் வந்த பொண்ணா? சர்வேன்னு?"

"ஆமாக்கா."

"நிஜமாவே சர்வேயா?"

அடையாள அட்டையைக் காட்டினேன். கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். அவள் இரண்டையும் படித்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு பக்கம் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரிலிருந்து ஒரு இடம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து யாராவது தெருவுக்கு வந்து விசாரிப்பார்கள் என்று தரகர் முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தார். அக்காவின் அம்மா ஒரு மாலை முழுக்க வீடு வீடாகப் போய், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். விசாரிக்க வருகிறவர்கள் நேராக வந்து விசாரிப்பதில்லை. ஒரு தடவை வாடகைக்கு வீடு தேடுவதுபோல வந்தார்களாம். இன்னொரு தடவை சீட்டுப் பிடிக்க ஆள் சேர்ப்பதுபோல. அதனால் நான் காலேஜ், சர்வே என்றதும் தெருவே அசந்துபோயிருக்கிறது. இந்தத் தடவை கெட்டிக்கார இடம், படித்த பெண்ணாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். சொந்த வீடா, எத்தனை பேர், காதல் கல்யாணம் உண்டா, மனஸ்தாபம் உண்டா. என் கேள்விகளை நானே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேறு எப்படித்தான் நினைப்பார்கள்?

"நானும் எத்தனை இடம் பாத்துட்டேன்" என்றாள் அக்கா. "இவங்க எல்லாரும் சேந்து நான் வாயே திறக்க மாட்டேன்னு சொல்லி அனுப்புவாங்க. வர்றவனும் அமைதியான பொண்ணுன்னு நம்பி வருவான். நான் வாயைத் திறப்பேன். அதோட சரி, ஆளைக் காணோம்."

அவள் குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அந்தத் தெருவில் பாதிப் பேர் கையில் அவள் ஊசி குத்தியிருக்கிறாள். வேலை அவளுக்கு உயிர். கல்யாணமானாலும் விடுவதாக இல்லை. ஆனால் அதை மாப்பிள்ளை வீட்டில் இப்போது சொல்ல வேண்டாம் என்று அவள் அப்பா தடுத்து வைத்திருந்தார்.

"இந்த இடம் எப்படிக்கா?" என்று கேட்டேன். கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.

அவள் முகம் மாறியது. "ஃபோன்ல பேசறோம். அவரு ரொம்பப் பேச மாட்டாரு. நான்தான் பேசிட்டே இருப்பேன். ஆனா ஒண்ணு, போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வெச்சுக் கேக்கறாரு. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். பிறகு, "இது மட்டும் கெட்டுடக் கூடாதுன்னு இருக்கு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் என் அறிக்கை இருந்ததே. நான் மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். அம்மா, நான் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லை, நிஜமாகவே படிக்கிற பெண், நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன், பெயர் போட மாட்டேன், நல்லதோ கெட்டதோ உள்ளதை உள்ளபடி சொல்லலாம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். சரிபார்ப்பதற்கு எங்கள் வகுப்பிலிருந்து இன்னொரு பெண்ணும் வரலாம் என்றும் சொல்லி வைத்தேன். ஆராய்ச்சி முறை வகுப்பில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அடேயப்பா, அதற்குப் பிறகு கொட்டிய கொட்டு இருக்கிறதே. மோட்டார் சண்டை, காம்பவுண்டு சுவர் கேஸ், யார் மகன் யாரோடு ஓடினான், எந்த வீட்டில் எந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. என் பேனா தீர்ந்துபோனது. ரோஸ்மில்க் மட்டும் வரவில்லை. இஸ்திரி அக்கா துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணா? அதும் வாயி இன்னா வாயி. தண்ணி லாரிக்காரன் ஒருநாளு அதைப் பாத்துட்டு ரிவர்ஸ்லயே போய்ட்டான். ஆனா தங்கம்மா அது" என்றார்.

பத்து நாள் கழித்து பச்சை கேட் அக்கா ஃபோன் செய்தாள்.

"உங்க கிளாஸ் பொண்ணு யாரையாவது அனுப்பினியா? சுடிதார் போட்டு, தோள்ல பை மாட்டிட்டு?"

"இல்லியேக்கா. மேம் வேணாம்னுட்டாங்க."

"போச்சு" என்றாள்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் அக்கா, கல்யாணமாகி ஊரப்பாக்கத்தில் இருப்பவர், நிஜமாகவே விசாரிக்க வந்திருக்கிறார். ஆள் சின்னதாக, பார்க்கக் கல்லூரிப் பெண்போல இருப்பாராம். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முதல் வீட்டு அம்மாள், "காலேஜா? வாம்மா, அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்று உட்கார வைத்துவிட்டார். அவரும் மறுக்கவில்லை. நானாக இருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன். தெரு மொத்தமும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. லாரிக்காரன் கதை, சாக்கடை அள்ள வந்தவர்களோடு நடுரோட்டில் போட்ட சண்டை, எதிர்வீட்டோடு அவள் அப்பாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லாதது, வேலையை விடவே மாட்டாள் என்பது, லேபில் முன்பு ஒருவனைப் பிடித்திருந்து அது நடக்காமல் போனது. பெயர் போட மாட்டீர்கள்தானே என்று மட்டும் கடைசியில் கேட்டுக்கொண்டார்களாம். சாயங்காலமே மாப்பிள்ளையின் அக்கா பச்சை கேட் வீட்டு அப்பாவுக்கு ஃபோன் செய்து, "நேர்ல வந்து விசாரிச்சோம். அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.

தெருவில் இழவு விழுந்ததுபோல ஆகிவிட்டது. முதல் வீட்டு அம்மாள் பச்சை கேட்டைத் தாண்டிப் போகவே கூச்சப்பட்டு, பின்பக்கச் சந்து வழியாகக் கடைக்குப் போனார். அக்காவின் அம்மா என்னைத் திட்டினார். திட்டி முடித்து, நீயும்தான் சின்னப் பெண், உனக்கென்ன தெரியும் என்று சமாதானமும் சொன்னார். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நாட்கள் போயின. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தகவல் இல்லை. அக்கா ஃபோனில் கேட்டால் மாப்பிள்ளை, "அம்மா யோசிக்கறாங்க" என்று மட்டும் சொல்வாராம். வேறு எதுவும் சொல்லத் தெரியாதாம். அவள் லேபுக்குப் போனாள், வந்தாள். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைக்கூடத் திட்டவில்லை என்று அவள் அம்மா என்னிடம் சொன்னபோதுதான் நான் நிஜமாகப் பயந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். "அவங்க நம்ம தெருவுக்கு வந்து கேட்டாங்கல்ல. நாம போய்க் கேட்டா என்ன?"

"நாமன்னா?"

"நீ கேள்வி கேளு. நான் உன் கூடப் படிக்கற பொண்ணு."

நான் முடியாது என்றேன். ஆராய்ச்சி நெறிமுறை என்றேன். ஆளை ஏமாற்றித் தகவல் வாங்கக் கூடாது என்றேன். மேம் என்னை மரியாதையாகப் பேசியே கொன்றுவிடுவார் என்றேன். "எல்லாம் சரி. அங்க என்ன யோசனை ஓடுதுன்னு தெரியாம நான் இன்னும் எத்தனை நாள் இப்படி இருக்கறது, அதைச் சொல்லு" என்றாள். நான் கேள்வித்தாளை எடுத்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினோம். அக்கா இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். கல்லூரிப் பெண்கள் யாரும் இரட்டைப் பின்னல் போடுவதில்லை என்று சொன்னேன். வண்டலூர் தாண்டுவதற்குள் ஒன்றை அவிழ்த்து ஒற்றையாக்கினாள். லேப் அடையாள அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டாள். காட்டாங்குளத்தூரில் நிஜமான மாணவர்கள் கூட்டம் இறங்கியபோது அவர்களைக் கூர்ந்து பார்த்து, பையை ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டாள். பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

திட்டம் எளிமையானது. மாப்பிள்ளை வீட்டுக்குள் போகக் கூடாது. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்துவிட வேண்டும். முதல் வீட்டில், காலேஜ் சர்வே என்றதும் ஒரு அம்மாள் முகம் மலர எங்களை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கேட்காமலே சொன்னார்: "எதிர்த்த வீட்டுப் பையன் தங்கமான பையன். நிமிர்ந்து ஒரு பொண்ணைப் பார்க்காது." அக்கா மோர் டம்ளரை முகத்துக்கு நேராகப் பிடித்து மறைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதே தங்கம். அதற்கடுத்த வீட்டிலும்.

வெளியே வந்தோம். எதிர் வீட்டு வாசலில் நரைத்த கொண்டை போட்ட ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"எல்லா வீட்டுக்கும் போறீங்க. எங்க வீட்டை மட்டும் விட்டுட்டுப் போறீங்களேம்மா" என்றார்.

ஓடலாமா என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், பேப்பரை மடித்தார், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். "அவரு அப்படித்தான். நீங்க கேளுங்க" என்றார் அந்த அம்மா. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார், அது ஒன்றுதான் எங்கள் அதிர்ஷ்டம். நான் ஆரம்பித்தேன். வீட்டில் எத்தனை பேர்? மூன்று பேர், பெண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. சொந்த வீடா? ஆமாம். வீட்டில் முடிவெடுப்பது யார்?

"முடிவு எடுக்கணும்னா முதல்ல பேசணுமே" என்றார் அந்த அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "இவரு கோவம் வந்தா பேச மாட்டாரு. ஒரு வருஷம் தீபாவளிக்கு ஆரம்பிச்சவரு பொங்கலுக்குத்தான் வாயைத் திறந்தாரு. அதுவும் கரும்பு எங்கேன்னு கேக்கறதுக்கு. பையனும் அப்பாவையே உரிச்சு வெச்சிருக்கான். நல்லவன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா சோறு உப்பா இருந்தாலும் சொல்ல மாட்டான். தட்டைப் பாத்துதான் நான் தெரிஞ்சுக்கணும்."

"அப்ப நீங்க யார்கூடம்மா பேசுவீங்க?" என்று கேட்டது அக்கா. வாயைத் திறக்கவே கூடாது என்று வண்டியில் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"பொண்ணு ஃபோன் பண்ணுவா. மத்த நேரத்துல குக்கர்தான்" என்றார் அந்த அம்மா. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

மருமகள் வேலைக்குப் போவது பற்றி உங்கள் கருத்து என்ன என்று பேப்பரைப் பார்த்தே கேட்டேன்.

"போகட்டுமே, அதுல எனக்கென்ன? சமைக்கத் தெரியாதவளா நான்? பையனுக்கு ஒரு இடம் பாத்திருக்கோம். பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்தியாம், என் மக விசாரிச்சுட்டு வந்து சொன்னா. அதைத்தான் யோசிச்சுட்டே இருக்கேன். கோவம்னா அது எந்த மாதிரிக் கோவம்னு சொல்லலை, பாரு. அது தெரியாம நான் எப்படிச் சரின்னு சொல்றது? இந்த வீட்டுல மூணாவதா ஒருத்தரும் மூஞ்சியத் திருப்பிட்டு உக்காந்தா என்னால தாங்க முடியாதும்மா."

சொல்லிவிட்டு அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். கழுத்தில் திருப்பி மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"ஃபோட்டோவுல பொட்டு பெருசா வெச்சிருந்தே" என்றார்.

என் பேனா கீழே விழுந்தது. அக்கா அசையவில்லை. கொல்லையில் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"நீயே சொல்லிடு. கோவம் வந்தா நீ கத்துவியா, பேசாம இருப்பியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? பிறகு அவள் அந்த அம்மாவை நேராகப் பார்த்தாள். "கத்திடுவேன்மா" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. "நல்லாக் கத்துவேன். தெருவுக்கே கேக்கும். கத்தி முடிச்சதும் மறந்துடும். பேசாம இருக்க எனக்குத் தெரியாது."

அந்த அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்காவுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரோம்னு உங்க அப்பாகிட்ட சொல்லிடு" என்றார். "இவரு ஒண்ணும் பேச மாட்டாரு, தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லு." பிறகு கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இவர்கிட்டயும் கத்துவியா?"